எங்கே அறும்? தூண்டில் நரம்பு சொல்லும் இயற்பியல்

பட்டம் விட்ட அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். காற்று வேகமாக வீசும்போது நூல் 'பட்'டென்று அறுந்துவிடுகிறது. அறுந்த நுனியை எப்போதாவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் அது முடிச்சுப் போட்ட இடமாகவே இருக்கும். நூலை நீளமாக்க நாம் போட்ட முடிச்சே நூலின் பலவீனமான இடமாகிவிடுகிறது. இது ஏன்? எங்காவது ஒரு பலவீனமான இடம் இருந்தே தீரும் என்றால், அதை நமக்கு நன்மை தரும்படி அமைத்துக்கொள்ள முடியுமா?

இக்கேள்விகளுக்கான விடையைக் கடலில் தூண்டில் போடுபவர்கள் நன்கு அறிவார்கள். அவர்களுள் ஒரு பிரிவினரிடம் இன்று பாடம் கேட்போம்.

மிதந்து செல்லும் படகு

இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ளது பிளிமத் துறைமுகம். அதற்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கு நடுவே எடிஸ்டோன் என்னும் பாறைகள் இருக்கின்றன. 1882-இல் கட்டி முடிக்கப்பட்ட கலங்கரை விளக்கம் அங்கே நிற்கிறது. இப்பாறைகளைச் சுற்றி, பாஸ் எனப்படும் வெள்ளி நிற மீன்கள் இரை தேடி வருகின்றன. நம் கொடுவா மீனையும் ஆங்கிலத்தில் 'ஆசியக் கடல் பாஸ்' என்று அழைப்பதுண்டு. ஆனால் இவ்விரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை.

இங்கு மீன்பிடிப்போர் படகின் எஞ்சினை நிறுத்திவிட்டு, நீரோட்டத்தோடு படகை மிதக்க விடுகிறார்கள். நங்கூரம் பாய்ச்சினால் என்ன? அப்போது படகு நிற்கும், நீர் ஓடும். ஓடும் நீர் நரம்பின்மீது செலுத்தும் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். நரம்பைத் தரை வரை இறக்க மிகவும் கனமான குண்டு தேவைப்படும். படகும் நீரும் சேர்ந்தே நகர்ந்தால், அவற்றின் சார்பு வேகம் மிகக் குறைவு. இலேசான குண்டே போதும்.

குண்டை ஏன் ஈயத்தில் செய்கிறார்கள்? ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைக் கொண்டு கணக்கிடுங்கள். ஈயத்தின் அடர்த்தி 11.3. எனவே 100 கிராம் ஈயத்தின் பருமன் சுமார் 8.8 கன செ.மீ. அது வெளியேற்றும் கடல்நீரின் எடை சுமார் 9 கிராம். நீருக்குள் மீதி 91 கிராம் எடை இருக்கும். அதே 100 கிராம் கருங்கல்லானால், நீருக்குள் அதன் எடை சுமார் 62 கிராம்தான். நைலான் நரம்பின் அடர்த்தியோ ஏறத்தாழ 1.14. அதாவது கடல்நீரைவிடச் சற்றே அதிகம். 10 கிராம் நைலான் நீருக்குள் ஒரு கிராம் எடைதான் இருக்கும்! ஆகவே ஈயம் தரையைத் தொட, நைலான் ஏறக்குறைய எடையின்றி நீரில் அலைகிறது. அதன் நுனியிலுள்ள இரை, தானே நீந்துவதுபோல் தோன்றுகிறது.

மூன்று கண் அமைப்பு

அமைப்பு மிக எளியது. மூன்று கண்கள் உள்ள ஒரு சுழல் வளையம் வேண்டும். முதல் கண்ணில், படகிலிருந்து வரும் முதன்மை நரம்பு. இரண்டாவது கண்ணில், ஈயக்குண்டைத் தாங்கும் குட்டை நரம்பு. மூன்றாவது கண்ணில், சுமார் 3 மீட்டர் நீளமுள்ள கிளை நரம்பு. அதன் முனையில் தூண்டில் முள். இரை சுழன்றாலும் முதன்மை நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழல் வளையம் காக்கிறது.

முள்ளைக் கட்டும் முறை இதோ:

1. நரம்பின் நுனியை முள்ளின் கண்ணில் நுழைத்து, 15 செ.மீ. வெளியே இழுங்கள்.
2. அந்த நுனியை முதன்மைப் பகுதியின்மேல் ஐந்து முறை சுற்றுங்கள்.
3. நுனியைத் திருப்பி, முள்ளின் கண்ணை ஒட்டியுள்ள சிறு வளையத்தில் நுழையுங்கள். இப்போது ஒரு பெரிய வளையம் உண்டாகும். அதிலும் நுனியை நுழையுங்கள்.
4. முடிச்சை நீரில் நனைத்து, மெதுவாக இழுத்து இறுக்குங்கள். மிஞ்சிய நுனியை வெட்டிவிடுங்கள்.

ஏன் ஐந்து சுற்று? ஓர் உருளையின்மேல் கயிற்றைச் சுற்றினால், ஒவ்வொரு சுற்றும் பிடிப்பைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறது! உராய்வுக் கெழு 0.2 எனக் கொண்டால், ஒரு சுற்றில் நம் கை விசையைப் போல் 3.5 மடங்கு இழுவிசையைத் தாங்கலாம். இரண்டு சுற்றில் 12 மடங்கு, மூன்றில் 43, ஐந்தில் 500-க்கும் மேல். 18-ஆம் நூற்றாண்டிலேயே கணித மேதை ஆய்லர் இதை ஆராய்ந்தார். முடிச்சில் சுற்றுகள் உருளையின்மேல் இல்லை, நரம்பின்மேலேயே உள்ளன. ஆயினும் அடிப்படை இதுவே. மேலும், இழுக்க இழுக்க முடிச்சு இறுகிக்கொள்கிறது.

ஏன் நனைக்க வேண்டும்? நைலான் வெப்பத்தை எளிதில் கடத்தாது. உலர்ந்த முடிச்சை விரைந்து இழுத்தால், உராய்வில் பிறக்கும் வெப்பம் அந்த இடத்திலேயே தங்கி, நரம்பைக் கெடுத்துவிடும். நீர் உராய்வைக் குறைத்து, வெப்பத்தையும் வாங்கிக்கொள்கிறது.

இவ்வளவு செய்தும் முடிச்சு நரம்பைப் பலவீனப்படுத்தவே செய்யும். கூர்மையாக வளையும் இடத்தில் நரம்பின் வெளிப்புறம் அதிகமாக நீள்கிறது. பளுவின் பெரும்பங்கு அதன்மேல் விழுகிறது. பட்டத்து நூலிலும் நடப்பது இதுதான்.

அறும் இடம் யார் கையில்?

பாறைகள் நிறைந்த கடலில் ஈயக்குண்டு என்றாவது இடுக்கில் சிக்கியே தீரும். 2 டன் எடையுள்ள படகு, நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் மிதப்பதாகக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 1000 ஜூல். ஒரு கிலோ கல்லைச் சுமார் 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க இந்த ஆற்றல் போதும்! இதனை மெல்லிய நரம்பால் தடுக்க இயலாது. நரம்பு அறத்தான் போகிறது. எங்கே அறும் என்பதே கேள்வி.

முதன்மை நரம்பு மேலே அறுந்தால், முள்ளும் பல மீட்டர் நைலானும் கடலிலேயே தங்கிவிடும். நைலான் எளிதில் மட்காது. பறவைகளும் மீன்களும் அதில் சிக்கி மடியும். எனவே, குண்டைத் தாங்கும் குட்டை நரம்பை மட்டும் வேண்டுமென்றே பலம் குறைந்ததாக வைக்கிறார்கள். குண்டு ஒன்றுதான் போகும். மற்றவை கைக்குத் திரும்பும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை! முதன்மை நரம்பு 10 கிலோவும், குட்டை நரம்பு 6 கிலோவும் தாங்குவதாகக் கொள்வோம். அவசரத்தில் போட்ட முடிச்சால் முதன்மை நரம்பின் பலம் பாதியாகிவிட்டால், மிஞ்சுவது 5 கிலோ. குட்டை நரம்பின் நல்ல முடிச்சு 80 சதவீதப் பலத்தைக் காத்தால், அது 4.8 கிலோ. இடைவெளி வெறும் 200 கிராம்! முடிச்சு இன்னும் சற்று மோசமானால் நம் திட்டமே தலைகீழாகிவிடும்.

முடிச்சின் பொறுப்பு இன்னொன்றும் உண்டு. பாஸ் மெதுவாக வளரும் மீன். 42 செ.மீ.க்குக் குறைந்த பாஸைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது 2015 முதல் அங்குள்ள விதி. சிறிய மீனை உயிருடன் விடுவிக்க வேண்டுமானால், முதலில் அதைப் படகருகே கொண்டுவந்து முள்ளை எடுக்க வேண்டும். முடிச்சு நழுவினால், மீன் வாயில் முள்ளோடு போய்விடும்.

செய்து பாருங்கள்

ஒரு தையல் நூலின் ஒரு முனையை, மேசை விளிம்பில் இறுகக் கட்டிய பென்சிலில் பத்துச் சுற்றுச் சுற்றி ஒட்டுங்கள். மறுமுனையையும் அவ்வாறே இன்னொரு பென்சிலில் சுற்றி, அதில் ஒரு பையைத் தொங்கவிடுங்கள். பைக்குள் ஒரு பாட்டிலை வைத்து, சிறிது சிறிதாக நீர் ஊற்றுங்கள். கீழே ஒரு வாளி இருக்கட்டும். கால் அங்கே வேண்டாம். நூல் அறும்போது எவ்வளவு நீர் இருந்தது? பிறகு, நடுவில் ஒரு முடிச்சுப் போட்ட நூலைக் கொண்டு இதையே செய்யுங்கள். ஒவ்வொன்றையும் ஐந்து முறை செய்து சராசரி காணுங்கள். பென்சிலில் நூலைக் கட்டாமல் சுற்றச் சொன்னது ஏன் என்று உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும்.

வீட்டு மின் இணைப்பிலுள்ள ஃபியூஸ் கம்பியும் இப்படி வேண்டுமென்றே வைத்த பலவீனமே. இதுபோல் இன்னொன்று உங்கள் சமையலறையில், பிரஷர் குக்கரின் மூடியில் இருக்கிறது. அது எது என்று கண்டுபிடியுங்கள்!