டிக்கெட்டை யார் பார்க்கலாம்?

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றின் ஐ.டி. பிரிவைக் கவனிக்கிறேன். தலைமை மருத்துவமனையோடு இரண்டு கிளைகளும் உண்டு. கம்ப்யூட்டர், பிரிண்டர், நெட்வொர்க் புகார்களை எல்லாம் ஊழியர்கள் ஜிஎல்பிஐ மென்பொருளில் டிக்கெட்டாகப் போடுகிறார்கள். எனக்கு முன்பு இருந்தவர், வேலை நின்றுவிடக் கூடாது என்று டெக்னீஷியன்கள் அத்தனை பேரையும் சூப்பர்-அட்மின் ஆக்கிவிட்டார். கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர் சம்பளப் பிடித்தம் பற்றிப் போட்ட டிக்கெட், கிளை முழுக்கப் பேச்சாகிவிட்டது. சில டிக்கெட்டுகள் காணாமலே போயின. உரிமைகளைக் குறைக்கலாம் என்று பேச்செடுத்தால், “எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?” என்று மூத்தவர்கள் வருத்தப்படுகிறார்கள். ஆளுக்கு ஒரு ப்ரொஃபைல் போட்டுவிடலாமா? எங்கே தொடங்குவது? — வாசகர், மதுரை

பதில்: ஆளுக்கு ஒரு ப்ரொஃபைல், அதாவது தனி உரிமைத் தொகுப்பு, வேண்டாம். ஆறு மாதம் கழித்து ஒருவர் வேலையை விட்டுப் போவார், இன்னொருவர் கிளை மாறுவார். எந்த டிக் எதற்காகப் போடப்பட்டது என்று உங்களுக்கே தெரியாமல் போகும். உரிமையை ஆளுக்குக் கொடுக்காமல் அவர் செய்யும் பொறுப்புக்குக் கொடுக்கும் முறையை, அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான என்.ஐ.எஸ்.டி.யில் டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் குன்னும் 1992இல் வகுத்தார்கள். இன்றைய சர்வீஸ் டெஸ்க் மென்பொருள்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் நடக்கின்றன. ஜிஎல்பிஐயை நிறுவும்போதே செல்ஃப்-சர்வீஸ், ஹாட்லைனர், டெக்னீஷியன், சூப்பர்வைசர் என்று ஆயத்த ப்ரொஃபைல்கள் வந்துவிடுகின்றன. உங்கள் அளவுக்கு அவற்றில் நான்கைந்து போதும்.

சம்பள விஷயம் வெளியே போனதற்கு ப்ரொஃபைல் மட்டும் காரணமில்லை. ஜிஎல்பிஐயில் ஒருவருக்குத் தரும் அனுமதியில் மூன்று பகுதிகள் உண்டு: எந்த ப்ரொஃபைல், எந்த என்டிட்டியில் (கிளை, பிரிவு போன்ற நிறுவனப் பகுதி), அதற்குக் கீழே உள்ள என்டிட்டிகளுக்கும் அது இறங்குமா. மூன்றாவதைத்தான் பலர் யோசிக்காமல் ‘ஆம்’ என்று வைத்துவிடுகிறார்கள். உங்கள் டெக்னீஷியன்களுக்கு மேல்மட்ட என்டிட்டியிலேயே அனுமதி கொடுத்து, அது கீழேயும் இறங்கும்படி விட்டிருந்தால், எந்தக் கிளையில் இருப்பவரும் எல்லாக் கிளைகளின் டிக்கெட்டுகளையும் படிக்கலாம். முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

தலைமை மருத்துவமனைக்கு ஒன்று, கிளைகளுக்கு ஒவ்வொன்று என மூன்று என்டிட்டிகள் வையுங்கள். நான்காவதாக, கணக்குப் பிரிவுக்கும் மனிதவளப் பிரிவுக்கும் சேர்த்துத் தனியாக ஒன்று. அந்த ஊழியர்களின் செல்ஃப்-சர்வீஸ் அனுமதி அந்த நான்காவதில் மட்டும் இருந்தால், அவர்கள் போடும் டிக்கெட் அங்கேயே விழும். அதில் இரண்டு டெக்னீஷியன்களுக்கு மட்டும் இடம் கொடுங்கள், அவர்கள் யார் என்று அந்தப் பிரிவுத் தலைவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

மற்ற இடங்களில் கெடுபிடி அதிகம் வேண்டாம் என்பது என் கருத்து. தனக்கு ஒதுக்கப்பட்ட டிக்கெட்டை மட்டும் பார்க்கலாம் என்று டெக்னீஷியனைக் கட்டிப்போட ஜிஎல்பிஐயில் வழி உண்டு. ஆனால் போன வாரம் இதே பிரிண்டரில் இதே கோளாறை இன்னொருவர் எப்படிச் சரிசெய்தார் என்பது அவருக்குத் தெரியாமல் போகும். லேபில் ரிப்போர்ட் அச்சாகாமல் நோயாளி காத்திருக்கும் நேரத்தில் அது பெரிய இழப்பு. அதனால் தன் கிளையின் எல்லாப் பொது டிக்கெட்டுகளையும் அவர் பார்க்கட்டும். பூட்ட வேண்டியதை மட்டும் தனி என்டிட்டியில் பூட்டுங்கள்.

காணாமல் போன டிக்கெட்டுகளுக்கு முதலில் குப்பைத்தொட்டியைப் பாருங்கள். ஜிஎல்பிஐயில் ‘டெலிட்’ செய்தது அங்கேதான் போகும், மீட்டுவிடலாம். ‘பர்ஜ்’ செய்தால் நிரந்தரமாகப் போய்விடும். அந்த உரிமையை டெக்னீஷியன்களிடமிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். அவர்களுடைய அன்றாட வேலை எதற்கும் அது தேவையில்லை.

டிக்கெட் என்றால் வெறும் புகார்ச் சீட்டு என்று நினைப்பவர்களுக்கு ஆக்டா நிறுவனத்தில் 2023இல் நடந்ததைச் சொல்லுங்கள். மற்ற நிறுவனங்களுக்கு லாகின் பாதுகாப்பு விற்கும் நிறுவனம் அது. வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் அதன் அமைப்புக்குள் அந்த ஆண்டு செப்டம்பர் 28 முதல் அக்டோபர் 17 வரை வெளியார் நுழைந்திருந்தார்கள். புகார்களைப் பார்க்கவும் மாற்றவும் உரிமை பெற்ற ஒரு சர்வீஸ் அக்கவுண்ட்தான் அவர்களுக்கு வழியானது. 134 வாடிக்கையாளர்களின் கோப்புகள் அவர்கள் கைக்குப் போயின. உதவி கேட்டு அனுப்பிய சில கோப்புகளுக்குள் லாகின் டோக்கன்கள் அப்படியே இருந்தன. அவற்றை வைத்து ஐந்து வாடிக்கையாளர்களின் கணக்குகளுக்குள்ளும் புகுந்தார்கள். உங்கள் டிக்கெட்டுகளைப் புரட்டிப் பாருங்கள்: பாஸ்வேர்டு எழுதிய ஸ்கிரீன்ஷாட், நோயாளி பெயரோடு வந்த ரிப்போர்ட் என்று ஏதாவது கட்டாயம் கிடைக்கும்.

மூத்தவர்களின் வருத்தம் நியாயமானது. வருஷக்கணக்கில் இரவு பகலாக உழைத்தவர்களிடம் திடீரென்று எதையாவது பிடுங்கினால் மனம் நோகத்தான் செய்யும். அதனால் மாற்றத்துக்கு முன்பே அவர்களை உட்கார வைத்துப் பேசுங்கள். எல்லோரிடமும் எல்லா உரிமையும் இருந்ததால்தான் சம்பள விஷயத்தில் எல்லோர் மேலும் சந்தேகம் விழுந்தது என்பதை அவர்களே உணர்வார்கள். ஜிஎல்பிஐயில் ஒருவருக்கு இரண்டு ப்ரொஃபைல்கள் தரலாம், வேண்டும்போது மாறிக்கொள்ளலாம். மூத்தவர் ஒருவர் அன்றாடம் டெக்னீஷியனாக இருந்து, தேவைப்படும்போது தன் கிளைக்கு மட்டும் சூப்பர்வைசராக மாறட்டும். சூப்பர்-அட்மின் உங்களோடு இன்னொருவர் போதும். நீங்கள் விடுப்பில் போனால் வேலை நிற்கக் கூடாது, அதற்குத்தான் அந்த இரண்டாமவர்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். சிறிய கிளையில் தொடங்கி ஒரு வாரம் ஓடவிடுங்கள். எங்கே “அனுமதி இல்லை” என்று வருகிறது என்று குறித்துவைத்து, தேவையானதை அந்த ப்ரொஃபைலிலேயே சேர்த்து, பிறகு அடுத்த கிளைக்குப் போங்கள். உங்களிடம் ஆக்டிவ் டைரக்டரி இருந்தால், எந்தக் குழுவில் இருப்பவருக்கு எந்த என்டிட்டியில் எந்த ப்ரொஃபைல் என்று விதி எழுதிவிடலாம். பணிமாற்றம் வரும்போது கையால் திருத்த வேண்டியிருக்காது.

நிறுவும்போதே கூடவரும் நான்கு கணக்குகளின் பழைய பாஸ்வேர்டுகள் மாற்றப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஜிஎல்பிஐ தெரிந்த எவருக்கும் அவை தெரியும். இரவுப் பணியில் இருப்பவர்கள் ஒரே பொதுக் கணக்கில் நுழைகிறார்கள் என்றால் அதை நிறுத்துங்கள். யார் எதை மாற்றினார் என்று ஹிஸ்டரியில் பதிவாகும், ஆனால் பொதுக் கணக்கின் பெயர் அங்கே இருந்து பயனில்லை.

திரையில் எல்லாம் பூட்டிய பிறகு மின்னஞ்சல் அறிவிப்புகளையும் திறந்து பாருங்கள். டிக்கெட்டின் முழு விவரமும் ஒரு குழு முழுவதற்கும் மெயிலாகப் போய்க்கொண்டிருந்தால், கணக்குப் பிரிவுக்காக நீங்கள் போட்ட தனி என்டிட்டியைத் தாண்டி அந்தச் சம்பள விஷயம் மறுபடியும் கிளைக்குப் போய்ச் சேரும்.