கண்டலும் நன்னீரும்

ஐம்பூதத் தலங்களுள் நிலத்திற்குரியது காஞ்சி, வானிற்குரியது தில்லை. காஞ்சி ஏகம்பத்தின் தலமரம் மா என்பதை அவ்வூர்ச் சிறுவரும் அறிவர். சிதம்பரத்தின் தலமரமாகிய தில்லையோ ஊரின் பெயராய் நிலைத்ததேயன்றி, ஊருக்குள் காண்டற்கு அரிதாயிற்று. அதனைக் காண விழைவோர் பிச்சாவரத்துக் கழிக்கரைக்குச் செல்லுதல் வேண்டும். ஆங்கு அது சுரபுன்னை, வெண்கண்டல் முதலிய மரங்களோடு கூடி, உவர்நிலத்தில் நிற்கின்றது. இத்தகைய மரங்கள் செறிந்த காட்டை அலையாத்திக் காடு என்பர். அலையின் சீற்றத்தை ஆற்றுவது என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர்.

கழிக்கரையில் வளரும் இம்மரங்களைக் காஞ்சி போன்ற உள்நாட்டு நகரில், ஒரு கண்ணாடி மீன்தொட்டியின் நன்னீரில் வளர்த்தல் கூடுமோ? கூடாது என்றே பலரும் விடையிறுப்பர். உவர்நீரில் வாழ்வதற்கு உப்பே உணவு என்று எண்ணுவதால் நேரும் மயக்கம் அது.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. சுரபுன்னையின் வேர் அவ்வுப்பின் பெரும்பகுதியை உள்ளே விடாது தடுத்துவிடும். வெண்கண்டல், நீரோடு உட்புகுந்த உப்பைத் தன் இலையின் வழியே வெளியேற்றும். அவ்விலையை நாவால் தீண்டின் கரிக்கும். விரும்பி உண்ணும் உணவாயின் இத்துணை முயற்சி எதற்கு? சிறிதளவு உப்பு இவற்றுட் சிலவற்றின் வளர்ச்சிக்கு உதவும் என்பது உண்மையே. ஆயினும், மிகுதியான உப்பு இவை பொறுக்கும் சுமையேயன்றி வேறன்று. நன்னீர் நிலத்தில் விரைந்து வளரும் பிற மரங்கள் இவற்றை நெருக்கி வாழவொட்டாமற் செய்யும். அவை அணுகவும் இயலாத உவர்ச்சேற்றில் இவற்றுக்குப் போட்டியில்லை. சாவகத் தீவிலுள்ள போகோர் தாவரத் தோட்டத்தில் கண்டலினத்து மரங்கள் நன்னீரிலேயே வளர்ந்து, பூத்து, காய்த்தும் உள்ளன.

தொட்டியில் வளர்த்தற்கு ஏற்றது சுரபுன்னை. தில்லையின் பால் கண்ணிற் பட்டால் பெருந்தீங்கு விளைக்கும். அதனை இல்லத்திற்குக் கொணராதிருத்தலே நன்று. சுரபுன்னையின் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கிப் பின்னரே வீழும். அவ்வாறு வீழ்ந்து கரையில் ஒதுங்கிய முளை ஒன்று போதும். காப்புக்காட்டின் மரத்தினின்று பறித்தல் தகாது. அதன் கூரிய அடியைத் தொட்டி மணலிற் சிறிதே ஊன்றி, நுனி நீர்மட்டத்திற்கு மேலே நிற்குமாறு நிறுத்துதல் வேண்டும். இலை நீரில் மூழ்கின் செடி அழுகும். மீன்களின் கழிவே அதற்கு எரு. நல்ல வெளிச்சம் இன்றியமையாதது. உவர்நீரில் முன்னரே வேர்விட்ட கன்றாயின், ஒரே நாளில் நன்னீருக்கு மாற்றாது, பல நாள் உப்பைப் படிப்படியாகக் குறைத்து வருதல் முறை. வளர்ச்சி மெல்லவே நிகழும். காஞ்சித் தறியில் ஒரு பட்டுச்சேலை நெய்து முடியுங் காலத்தில் ஓரிணை இலை விரிந்தால் அதுவே நிறைவு. சில ஆண்டுகள் கழியின், தொட்டி அதற்குப் போதாதாகும்.

உப்பு ஒரு சுமை என்பதைப் பிச்சாவரமே பெரிய அளவிற் காட்டியது. முற்காலத்தில் அக்காட்டின் சில பகுதிகளில் மரங்கள் முற்றாக வெட்டப்பட்டன. நிழலிழந்த மண் காய்ந்து தாழ்ந்தது. உட்புகுந்த கடல்நீர் வடியாது தேங்கி, வெயிலில் ஆவியாக, உப்பு மட்டும் எஞ்சியது. கண்டலும் முளைக்க இயலாத வெற்றிடங்கள் தோன்றின. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு கூடி, மீன்முள் வடிவில் வாய்க்கால்களை வெட்டுவித்தன. ஓதநீர் நாள்தோறும் புகுந்து வடிய, உப்பு தணிந்தது. நட்ட கன்றுகள் தழைத்தன. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, காட்டின் பின்னே அமைந்த சிற்றூர்கள் திறந்த கரையில் இருந்தவற்றைக் காட்டிலும் குறைந்த சேதமே உற்றன. 2022-இல் பிச்சாவரம் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பெற்றது.

அறிவிப்பு மட்டும் அக்காட்டைக் காவாது. வெள்ளாறும் கொள்ளிடமும் கொணரும் நன்னீர் குறையுந்தோறும் கழியில் உப்பு ஏறும். அவ்வாறு ஏறின், உவர்ப்பை மிகத் தாங்கும் வெண்கண்டல் எஞ்சி நிற்க, முதலில் அருகுவது சுரபுன்னையே.