மூட்டைப்பூச்சியும் முத்தப்பூச்சியும்

படுக்கையில் மூட்டைப்பூச்சியைக் கண்டதும், இரத்தம் குடிக்கும் பூச்சியாயிற்றே, நோய் எதையேனும் ஏற்றிவிடுமோ என்று அஞ்சுவோர் பலர். இவ்வையம் தீர, ஒரே வரிசையைச் சேர்ந்த இரு பூச்சிகளை ஒப்பிட்டு நோக்குவோம்.

அசுவினி, மாவுப்பூச்சி, தத்துப்பூச்சி முதலியவை அடங்கிய ஹெமிப்டெரா வரிசையில் பெரும்பாலானவை ஊசி போன்ற வாயுறுப்பால் தாவரச் சாற்றை உறிஞ்சுவன. மனித இரத்தத்தை நாடுவன மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று, வெப்ப நாடுகளில் வாழும் மூட்டைப்பூச்சியான சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ். மற்றொன்று, தென் அமெரிக்காவின் டிரையடோமா இன்பெஸ்டன்ஸ். உறங்குவோரின் முகத்தில் கடிப்பதால் இவ்வகையினவற்றை முத்தப்பூச்சிகள் என்பர்.

இரண்டும் பகலில் ஒளிந்து இரவில் வெளிப்படுவன. இரண்டிற்கும் இளம்பருவ நிலைகள் ஐந்து. ஒவ்வொன்றிலும் வளர இரத்தம் வேண்டும். ஆயினும் வேறுபாடுகள் உள. மூட்டைப்பூச்சி ஏறத்தாழ 5 முதல் 7 மில்லிமீட்டர் நீளமுடையது, பறக்க இறக்கையில்லை, மெத்தைத் தையலிலும் கட்டில் இணைப்பிலும் பதுங்கும். முத்தப்பூச்சியோ 2 சென்டிமீட்டருக்கு மேல் வளரும்; இறக்கையுண்டு; மண்சுவர் வெடிப்பிலும் கூரையிலும் குடியிருக்கும்.

முதன்மையான வேறுபாடு நோயில் உள்ளது. 1909ஆம் ஆண்டு பிரேசில் நாட்டு மருத்துவர் கார்லோஸ் சாகஸ், முத்தப்பூச்சி பரப்பும் ஒட்டுண்ணி நோயைக் கண்டறிந்தார். அவ்வொட்டுண்ணி பூச்சியின் எச்சத்தில் உள்ளது. கடித்த இடத்தைச் சொறியும்போது எச்சம் புண்ணிலோ கண்ணிலோ பட்டால் உடலுள் புகும். பல ஆண்டுகள் கழித்துச் சிலருக்கு இதயத்தைத் தாக்கும். மண்சுவர் வீடுகளைச் சீரமைத்தும் மருந்து தெளித்தும், இப்பூச்சிவழிப் பரவலை 1997இல் உருகுவேயும் 1999இல் சிலியும் தடுத்து நிறுத்தின.

மூட்டைப்பூச்சியின் கடி மனிதருக்கு நோய் பரப்புவதாக நிறுவப்படவில்லை. எனினும் அரிப்பும் உறக்கக் கேடும் உண்டு. சொறிந்த புண்ணில் சீழ் பிடிக்கலாம். நீரிழிவு நோயாளிகள் இதில் கூடுதல் கவனம் கொள்ளவேண்டும்.

ஆகவே, நோயாளியின் படுக்கையில் பூச்சிமருந்தைத் தெளிக்காதீர்கள். அது கடியினும் தீங்கு தரக்கூடும். துணிகளை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவையுங்கள். மருத்துவமனைக்குக் கொண்டுவரும் பைகளையும் போர்வைகளையும் மடிப்பு மடிப்பாகப் பாருங்கள். பூச்சி தென்பட்டால் தயங்காது செவிலியரிடம் கூறுங்கள். தூய்மையான இல்லத்திற்கும் இது பையில் ஏறி வரும்; எனவே நாணத் தேவையில்லை. மறைத்தால்தான் அடுத்த படுக்கைக்கும் பரவும்.