நோய்கண்ட இலையைப் படமெடுத்து அனுப்பும் முறை

சேரம்பாடி முதலிய மலைக் கிராமங்களில் தென்மேற்குப் பருவமழை வலுத்தபின் பல நாள் வெயில் காண்பதரிது. இலையில் ஈரம் உலராத அக்காலமே தேயிலைக் கொப்புள நோய்க்கு மிகவும் அனுகூலமானது. தென்னிந்தியத் தேயிலை மலைகளில் இந்நோய் முதன்முதலாகக் காணப்பட்டது 1946-ம் வருஷத்தில். அந்நாளில் நோய்கண்ட இலையைத் தபாலிலோ ஆள் மூலமாகவோ அனுப்புவதன்றி வேறு வழியில்லை. நோயோ, சீதோஷ்ணத்தைப் பொறுத்து 11 முதல் 28 நாட்களுக்குள் முற்றி, புதிய பூசண வித்துக்களைக் காற்றில் பரப்பிவிடும். ஆதலின் ஒரு வாரத் தாமதமும் நஷ்டத்திற்கு இடமாகும்.

இக்காலத்தில் கைபேசியினால் படம் எடுத்து நொடிப்பொழுதில் அனுப்பக்கூடும். ஆயினும், இடமும் தேதியும் இல்லாத படம் பிரயோஜனமற்றது. சில சமயம் கெடுதலும் விளைப்பது. இதனை விவசாயிகள் முதற்கண் மனதிற்கொள்ள வேண்டும்.

1. படம் எடுத்தல்

கொப்புள நோயில் இளந்தளிரின் மேற்புறம் வட்டமாகக் குழிந்தும், அடிப்புறம் அதே இடத்தில் வெண்மையாகப் புடைத்தும் இருக்கும். தேயிலைக் கொசு சாறுறிஞ்சிய தளிரிலோ பழுப்புப் புள்ளிகள் தோன்றிப் பின் கறுத்து, இலை சுருண்டு, குருத்துக் காயும். முன்னது பூசணத்தால் வருவது. பின்னது பூச்சியால் வருவது. ஒன்றின் மருந்து மற்றொன்றிற்கு உதவாது. மேற்புறத்தை மட்டும் எடுத்த ஒரு மங்கலான படத்தைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினம்.

ஆகையால், முதலில் படக்கண்ணாடியில் படிந்த பனிநீரைத் துணியால் துடைத்து, இலையின் மேற்புறம், அடிப்புறம், செடி முழுவதும், பாத்தியின் தோற்றம் என நான்கு படங்கள் எடுக்க. இலையருகே ஒரு நாணயத்தை வைத்தால் புள்ளியின் அளவு விளங்கும். படத்துடன் கிராமம், தேதி, கவாத்துச் செய்த வருஷம், கடைசியாகத் தெளித்த மருந்து, அண்மையில் பெய்த மழை ஆகியவற்றை எழுதி, குன்னூரிலுள்ள உபாசி வேளாண் அறிவியல் நிலையம் போன்ற தகுதியுள்ள இடத்திற்கு அனுப்புக.

2. செய்தியோடை

புதிய செய்தி வெளிவந்தவுடன் நம்மை நாடி வந்து சேரும் ஏற்பாட்டிற்குச் செய்தியோடை என்று பெயர். தமிழ்நாடு சர்க்கார் 2018-ல் வெளியிட்ட ‘உழவன்’ செயலியில் வானிலை, விலை முதலிய விவரங்களைக் காணலாம்.

நல்ல செய்தியின் இலக்கணத்திற்கு வால்பாறை ஓர் உதாரணம். அங்கே யானைகள் நிற்குமிடத்தை இயற்கைப் பாதுகாப்பு அமைப்பினர் குறுஞ்செய்தி மூலம் ஜனங்களுக்கு அறிவித்தும், சிவப்பு விளக்குகளால் எச்சரித்தும் வந்துள்ளனர். எங்கே, எப்போது, அறிவிப்பவர் யார் என்ற மூன்றும் அதில் உண்டு. இம்மூன்றும் இல்லாத வதந்தியை ஒருவரும் பிறருக்கு அனுப்பலாகாது. நம் பகுதியில் யானையைக் கண்டால் வனத்துறைக்குத் தெரிவிப்பதே முறை. படத்தை ஊரெங்கும் பரப்பிக் கூட்டம் சேர்ப்பது உயிருக்கே அபாயமாகும்.

மருந்து விஷயத்தில் இவ்வெச்சரிக்கை மேலும் அவசியம். தேயிலையில் உபயோகிக்கத்தக்க மருந்துகளைத் தேயிலை வாரியத்தின் பயிர்ப் பாதுகாப்புக் கோவை வரையறுக்கின்றது. அது அவ்வப்போது திருத்தப்படுவதால், வருஷமற்ற பழைய செய்தியை நம்பித் தெளித்தால், மருந்தின் மிச்சம் இலையில் தங்கித் தொழிற்சாலை கொழுந்தை ஏற்க மறுக்கவும் நேரும். மருந்தின் பெயரைக் கோவையின் தற்போதைய பதிப்பில் கண்டபின்னரே தெளிக்க.

3. வலைப்பதிவு

வலைப்பதிவு என்பது பலரும் வாசிக்கும்படி இணையத்தில் எழுதிவைக்கும் தினக்குறிப்பே. தமிழில் இவ்வழக்கம் 2003 முதற்கொண்டு பரவலாயிற்று. கவாத்து, மருந்து, மழையளவு, பறித்த கொழுந்தின் எடை ஆகியவற்றை வாரம் ஒருமுறை படத்துடன் பதிந்து வருவாராயின், சென்ற வருஷம் நோய் எவ்வாரத்தில் தலைகாட்டியது என்பதை ஒருவர் எளிதில் கண்டு, இவ்வருஷம் முன்கூட்டியே தோட்டத்தைச் சோதிக்கலாம். அடுத்த தோட்டத்தாரும் அதனால் பயனடைவர். எனினும் வங்கிக் கணக்கு, ஆதார் எண், பிறர் பெயர் முதலியவற்றை அதில் எழுதலாகாது.

கிராம அதிகாரிகளும் மண்சரிவு, பயிர்ச்சேதம் ஆகியவற்றின் படங்களில் தேதியும் சர்வே எண்ணும் குறித்து வைத்தால், பின்னர் விசாரணைக்குப் பெரிதும் உதவும்.

மழைக்காலத்திற்கு முன்பாகவே நல்ல இலையொன்றை இருபுறமும் படமெடுத்துப் பழகுதல் நலம். நோயற்ற இலையின் படம் கைவசமிருந்தால், நோய்கண்ட இலையின் மாறுதல் உடனே புலப்படும். கைபேசி இயக்கத் தெரிந்த இளைஞர்கள் தத்தம் வீட்டுப் பெரியோருக்கு இதனைக் கற்பிப்பார்களாக.