கணக்கு மேசைக்குப் போ, கண்ணு

கோயம்புத்தூர்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கம்பெனி உன் முன்னால் இரண்டு நாற்காலிகளைப் போட்டிருக்கிறது. ஒன்று, ஊடகத் தொடர்பையும் சமூகப் பொறுப்புத் திட்டங்களையும் கவனிக்கும் துணைத் தலைவர் பதவி. தனி அறை, கார் எல்லாம் உண்டு. இன்னொன்று, புராஜெக்ட் ஃபைனான்ஸ் பிரிவில் மேனேஜர் வேலை. சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் கொஞ்சம்தான் கூடும். முதலாவதை எடுத்தால் சூரிய மின்சாரத் துறையில் ஒரு பெண் தலைவராக வெளியே தெரிய வருவேனே என்கிறாய். அதே கடிதத்தில், சன்ரன் கம்பெனியை நடத்திய லின் ஜூரிச் போல ஆக வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த ஆசை நிஜமென்றால் இரண்டாவதை எடு.

அவருடைய வரலாற்றை மேடைப் பேச்சுகளை விட்டுவிட்டுப் பார். அவர் பேனல் செய்யத் தெரிந்த பொறியாளர் இல்லை. வளரும் கம்பெனிகளில் முதலீடு செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, ஸ்டான்ஃபோர்டில் எம்.பி.ஏ. படித்தவர். 2007-ல் எட் ஃபென்ஸ்டர் முதலானவர்களோடு சான் பிரான்சிஸ்கோவில் சன்ரனைத் தொடங்கினார். அன்றைக்குக் கூரையில் பேனல் போட வேண்டுமென்றால் வீட்டுக்காரர் பெருந்தொகையை முன்னாலேயே எடுத்து வைக்க வேண்டும். பேனல் கம்பெனிக்கே சொந்தமாக இருக்கட்டும், வீட்டுக்காரர் 20 வருஷம் மாதாமாதம் மின்சாரத்துக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும் என்றார்கள் இவர்கள். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆயிரக்கணக்கான கூரைகளுக்கு இன்றைக்கே பணம் போடுவது யார்? வருமானமோ 20 வருஷத்தில் சிறுகச் சிறுக வருகிறது.

அதற்கு விடை வருமான வரிச் சட்டத்தில் இருந்தது. சூரிய மின்சாரத்தில் போட்ட முதலீட்டில் 30 சதவீதத்தை வரியில் கழித்துக்கொள்ள அமெரிக்க அரசு அனுமதித்திருந்தது. லாபமே பார்க்காத புதுக் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய வரியே கிடையாது, எதில் கழிப்பது? லாபம் பார்க்கும் பாங்குக்கு வரி உண்டு. ஆகவே பாங்கு பணம் போடும், வரிக்கழிவைத் தான் எடுத்துக்கொள்ளும், கூரையில் பேனல் ஏறும். 2008 நெருக்கடியில் இப்படிப் பணம் போட்டுவந்த பெரிய நிறுவனங்கள் பல ஒதுங்கிக்கொண்டன. அந்தக் காலத்தில் யு.எஸ். பேங்க்கார்ப் சன்ரனுக்குப் பணம் போட முன்வந்தது. எந்தப் பாங்கிடம் எதைச் சொன்னால் கையெழுத்து விழும் என்று தெரிந்த ஆட்கள் இல்லாமல் அது நடந்திருக்காது.

இது உனக்குப் புதிதாகத் தெரியலாம். பாங்கில் கடன் பிரிவில் இருந்த எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலை வாங்கிய மில் முதலாளிகள், பனியன் ஏற்றுமதிக்காரர்கள் எத்தனை பேர் அந்த இடத்தை நேரில் பார்த்தார்கள் என்று நினைக்கிறாய்? அவர்களை அங்கே அனுப்பியது ஆடிட்டர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காற்றாலை விலை முழுவதையும் முதல் வருஷத்திலேயே தேய்மானமாகக் காட்டலாம். பிறகு அது 80 சதவீதம் ஆனது. செப்டம்பர் 30-க்குள் ஓடவிட்டால் முழுச் சலுகை, தாண்டினால் அந்த வருஷம் பாதிதான். அதனால் செப்டம்பர் மாதம் முழுக்க எங்களுக்குத் தூக்கமிருக்காது. 2012-ல் அந்தச் சலுகையை எடுத்தார்கள்; புதுக் காற்றாலைகள் வருவது சட்டென்று குறைந்தது. 2014-ல் திருப்பிக் கொடுத்தார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் ஆடிக் காற்று நடுவில் ஒன்றும் குறையவில்லை.

ஜூரிச்சிடம் எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. 2015 ஆகஸ்டில் சன்ரன் பங்குச் சந்தைக்குப் போனது. முதல் நாளே பங்கு விலை இறங்கியது. நாலு மாதம் கழித்து நெவாடா மாநிலத்தின் ஒழுங்குமுறை ஆணையம், கூரை மின்சாரத்தைக் கிரிட்டுக்குக் கொடுப்பவர்களுக்குக் கிடைக்கும் ஈட்டை (நெட் மீட்டரிங்) குறைத்து, மாதாந்திர நிலைக்கட்டணத்தை ஏற்றி ஆணை போட்டது. புதிதாகப் போடுகிறவர்களுக்கு மட்டுமில்லை, ஏற்கெனவே போட்டிருந்தவர்களுக்கும்தான். அடுத்த மாதமே சன்ரன் அந்த மாநிலத்தை விட்டு வெளியேறியது. நூற்றுக்கணக்கானோருக்கு வேலை போனது. 2017-ல் சட்டமன்றமே புதுச் சட்டம் கொண்டுவந்து நெட் மீட்டரிங்கை மீட்டது, சன்ரனும் திரும்பிப் போனது. வெய்யில் கொளுத்தும் பாலைவன மாநிலம் அது; பேனலிலும் எந்தக் குறையும் இல்லை. ஒரே ஒரு கட்டண ஆணை கடையைச் சாத்த வைத்தது. இதைச் சொல்வது உன்னைப் பயமுறுத்த இல்லை. அந்த ஆணையின் வரைவு வெளியான அன்றைக்கே அதை வரி வரியாகப் படிக்கிற ஆளாக நீ இருக்க வேண்டும் என்பதற்காக. ஊடகத் தொடர்பு அறையில் இருப்பவருக்கு அந்தச் செய்தி கடைசியில்தான் வரும், அதுவும் "இதற்கு ஓர் அறிக்கை எழுதிக் கொடுங்கள்" என்றுதான் வரும்.

இன்னொன்றையும் கவனி. 2020-ல் யூட்டாவைச் சேர்ந்த விவின்ட் சோலாரைச் சன்ரன் வாங்கியது. இரண்டும் சேர்ந்தபோது ஏறக்குறைய 5 லட்சம் வாடிக்கையாளர்கள். அந்த உயரத்தில் நின்றபடி, 2021-ல் ஜூரிச் தலைமைச் செயல் அதிகாரி பதவியை மேரி பவலிடம் கொடுத்தார். பெண்ணிடமிருந்து பெண்ணுக்குப் போன பதவி என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு. மேரி பவல் வந்தது மின் விநியோகக் கம்பெனியிலிருந்து. வெர்மான்ட் மாநிலத்தில் கிரீன் மவுன்டன் பவரைப் பத்து வருஷத்துக்கு மேல் நடத்தியவர். கூரை சோலார்காரர்களுக்கு விநியோகக் கம்பெனி பொதுவாக எதிர்க்கட்சி. நெவாடாவில் நடந்ததே அந்தச் சண்டைதான். ஆனால் இந்த அம்மாள் அங்கே வாடிக்கையாளர் வீடுகளில் பேட்டரியை வைத்து, மின்தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் அதிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஏற்பாட்டைச் செய்து காட்டியிருந்தார். 2023 ஏப்ரலில் கலிஃபோர்னியா கூரை மின்சாரத்தின் ஈட்டை வெகுவாகக் குறைத்தபோது பேட்டரி இல்லாமல் விற்கவே முடியாத நிலை வந்தது. வட்டியும் ஏறியிருந்தது. சன்பவர் என்ற பழைய பெரிய கம்பெனி 2024-ல் திவால் மனு போட்டது. சன்ரனும் அடிபட்டது, ஆனால் எதிர்த் தரப்பின் கணக்கு தெரிந்தவர் தலைமையில் இருந்தார். ஆகவே மின்வாரிய அதிகாரிகளைப் பற்றி நீ உன் நண்பர்களோடு அடிக்கும் கிண்டலைக் கொஞ்சம் நிறுத்து. அவர்களில் நாலு பேரோடு டீ குடி. அவர்கள் பக்கத்து நஷ்டக் கணக்கை அவர்கள் வாயாலேயே கேள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, சன்ரன் மாதிரி ஒரு கம்பெனியை இங்கே தொடங்கலாமே என்று துள்ளாதே. நம் வீடுகளில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மாநிலத்தில் பெரும்பாலான குடும்பங்களுக்கு வரும் பில், 20 வருஷ ஒப்பந்தம் போட்டுக் குறைக்கிற அளவுக்கு இல்லை. மத்திய அரசின் சூர்யகர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கும்போது, வீட்டுக்காரர் தாமே வாங்கிவிடலாம் என்றுதான் நினைப்பார்; நம் ஆட்களுக்குக் கூரையில் இருக்கும் பொருள் சொந்தமாக இருந்தால்தான் நிம்மதியும். உன் வாடிக்கையாளர் நூற்பாலையும் கல்லூரியும் குளிர்பதனக் கிடங்கும்தான். அங்கே கூட்டாகச் சொந்த உபயோக மின்சாரம் என்ற ஏற்பாட்டில் 26 சதவீதப் பங்கு, 51 சதவீத நுகர்வு என்ற விதி இருக்கிறது. அதைச் சரியாகக் கட்டத் தெரிந்தவருக்குத்தான் இந்த ஊரில் மதிப்பு. மில்காரர் கைகொடுத்து ஒப்புக்கொண்ட பிறகும், அந்தப் பங்கு யார் பேரில், விலகினால் என்ன, பாங்குக்கு எது ஈடு என்று மூன்று மாதம் இழுக்கும். அந்த மூன்று மாதமும் நீ அந்த மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பெண் என்பதால் ஒன்று நடக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் கேள்வியை உன்னிடம் கேட்காமல் உன் பக்கத்தில் இருக்கும் பையனிடம் கேட்பார்கள். அவன் உன்னைவிட ஆறு வருஷம் இளையவனாகக்கூட இருப்பான். நான் அதற்கு முகம் சுளித்ததில்லை. கடன் தவணைக்கும் வருஷ வருமானத்துக்கும் உள்ள விகிதம் எந்த வருஷத்தில் இடிக்கிறது என்று எண்ணோடு சொல்லுவேன். அடுத்த கேள்வி என்னிடம் வரும். எண் கையில் இல்லாத நாளில் இந்த வித்தை பலிக்காது. அதனால் எக்ஸெல் தாளை ஜூனியரிடம் கொடுத்துப் போடச் சொல்லாதே. குறைந்தது முதல் நாலைந்து திட்டங்களுக்கு நீயே போடு. பேனல் வருஷா வருஷம் எவ்வளவு தேயும், இன்வெர்ட்டரை நடுவில் மாற்ற எவ்வளவு ஆகும், மில்காரர் மூன்று மாதம் பணம் தராவிட்டால் பாங்குத் தவணைக்கு எங்கே போவது என்ற மூன்றும் உன் கையால் எழுதப்பட்டிருக்கட்டும்.

துணைத் தலைவர் பதவியை மறுக்கும்போது காரணத்தை எழுத்தில் கொடு. இரண்டு வருஷம் கழித்து புராஜெக்ட் ஃபைனான்ஸ் பிரிவின் தலைமைக்கு உன் பெயரைப் பரிசீலிக்க வேண்டும் என்ற வரியையும் அதிலேயே சேர். கேட்காமல் யாரும் தர மாட்டார்கள்.

உன் அப்பா போனில் பேசினான். "துணைத் தலைவர்" என்று கல்யாணப் பத்திரிகையில் போட்டால் நன்றாக இருக்குமாம். அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ திங்கட்கிழமையே பதில் கொடுத்துவிடு.

அன்புடன்,
அத்தை