பேச்சு குறைந்து போகும் நோய் – வீட்டார் அறிந்திருக்க வேண்டியவை



சில வருடங்களுக்கு முன், ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் சேமலாப நிதிப் பத்திரம் நிரப்ப என்னிடம் வந்தார். வயது 58. மகளின் பெயரைக் கேட்டேன். "அதுதாங்க ஐயா... மூத்தது... அந்தப் புள்ள..." என்று இழுத்தார். குடித்திருக்கிறார் என்று நினைத்து, "நாளைக்குத் தெளிவா வாங்க" என்று அனுப்பிவிட்டேன். மறுநாளும் அதே கதைதான். குடிவாடை இல்லை. பத்திரங்களை எல்லாம் ஒழுங்காக அடுக்கிக் கொண்டு வந்திருந்தார். பெயர் மட்டும்தான் வாயில் வரவில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் பரிசோதித்தபோதுதான் நோய் என்று தெரிந்தது. நான் செய்த தவறை நீங்களும் செய்யக்கூடாது என்பதற்காகவே இந்தப் பாடம்.

இது என்ன நோய்?

டிமென்ஷியா என்னும் மறதி நோயில் பல வகை உண்டு. பெரும்பாலும் முதலில் ஞாபகம் குறையும். இந்த வகையிலோ முதலில் பேச்சு குறைகிறது. மூளையில் பேச்சுக்குரிய பகுதிகள், பெரும்பாலோருக்கு இடப்பக்கத்தில், கொஞ்சங் கொஞ்சமாகச் சுருங்குகின்றன. 1892 இல் பிராக் நகரத்து வைத்தியர் ஆர்னோல்ட் பிக் இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி எழுதினார். 1982 இல் அமெரிக்காவில் மார்செல் மெசுலம் என்ற வைத்தியர் ஆறு பேரின் நிலையை விவரித்து, இதைத் தனியாக எடுத்துக் காட்டினார். பலருக்கு 65 வயதுக்கு முன்பே தொடங்கிவிடும். இது பேயோ சூனியமோ அல்ல. தொற்றவும் மாட்டாது.

ஒரு எச்சரிக்கை: பேச்சு திடீரென்று குழறினால், வாய் கோணினால், ஒரு பக்கக் கை கால் சோர்ந்தால் அது பாரிசவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990 இலவச அம்புலன்சை அழையுங்கள். நாம் இங்கே பேசும் நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வருவது.

மூன்று விதம்

1. திக்கித் திக்கி, வசனம் முறிந்து பேசுவார்கள். "நான்... மலை... போ..." என்று நிற்கும். நாம் சொல்வது பெரும்பாலும் விளங்கும்.

2. பேச்சு சரளமாக ஓடும். ஆனால் சொல்லின் பொருள் போய்விடும். "கரண்டிய எடுங்க" என்றால், "கரண்டின்னா என்னா?" என்று கேட்பார்கள்.

3. சொல் நாக்கு நுனியில் நிற்கும், வராது. நீளமாகச் சொன்னதைத் திருப்பிச் சொல்ல முடியாது. நம்ம கங்காணிக்கு வந்தது இந்த விதம்.

காலம் போகப் போக...

தொடக்கத்தில், ஏறக்குறைய இரண்டு வருடமாவது, பேச்சுதான் முக்கியக் குறை. சமையல், கடைக்குப் போவது, காய்கறித் தோட்டம் எல்லாம் நடக்கும்.

நடுக்காலத்தில் வாசிப்பதும் எழுதுவதும் குறையும். கூட்டத்தில் பேசுவது விளங்காது. முதல் விதத்தில் கை கால் விறைக்கலாம். இரண்டாவதில் குணம் மாறலாம், இனிப்பில் ஆசை கூடலாம். மூன்றாவதில் ஞாபகமும் குறையத் தொடங்கும்.

பிற்காலத்தில் பேச்சு நின்றே போகலாம். விழுங்குவதும் கஷ்டமாகும். உட்கார வைத்து, சிறு சிறு வாயாக ஊட்ட வேண்டும். புரைக்கேறினால் வைத்தியரிடம் சொல்லுங்கள். எல்லோருக்கும் ஒரே வேகத்தில் வராது.

நாம் செய்ய வேண்டியது

முதலில் தோட்ட டிஸ்பென்சரியில் காட்டி, கடிதம் வாங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காது மந்தம், தைரொயிட் குறை, பி12 விற்றமின் குறை போன்றவையும் இப்படித் தடுமாற வைக்கலாம். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. இந்த நோயைக் குணமாக்க மருந்து இன்னும் இல்லை. ஆனால் பேச்சுச் சிகிச்சையாளரின் பயிற்சி உதவும்.

சொல் இருக்கும்போதே வேலையை முடியுங்கள். சேமலாப நிதியில் யாருக்குப் பணம் சேர வேண்டும், வங்கிக் கணக்கு, உறுதிப் பத்திரம், பிற்காலத்தில் எப்படிப் பராமரிக்கப்பட விரும்புகிறார் என்பதையெல்லாம் அவர் வாயாலேயே கேட்டு எழுதி வையுங்கள். பிறகு கேட்டால் பதில் வராது.

பேசும்போது ரேடியோவை நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். "என்னா வேணும்?" என்பதை விட, "சோறா, ரொட்டியா?" என்று காட்டிக் கேளுங்கள். அவசரப்படுத்த வேண்டாம். பிள்ளைகள் சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குடும்பத்தாரின் படங்களை ஒரு கொப்பியில் ஒட்டிப் பெயர் எழுதிக் கொடுங்கள்.

போன மாதம் அந்தக் கங்காணியின் லயத்துக்குப் போனேன். இப்போது அவர் பேசுவதே இல்லை. மாலையில் மகள் மலையிலிருந்து வந்து படங்கை அவிழ்த்தார். தன் முன்னால் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை அவர் மெதுவாக மகள் பக்கம் தள்ளிவிட்டார். "அப்பாவுக்கு எம் பேரு வர்றதில்லைங்க ஐயா, ஆனா நான் வந்தது தெரியுது" என்றார் மகள்.

உங்கள் லயத்திலும் யாராவது இப்படிச் சொல்லுக்குத் தடுமாறினால், திட்டாமல், கேலி செய்யாமல், டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போங்கள். பத்திர வேலைக்கு என்னிடம் வாருங்கள். இந்த முறை யாரையும் திருப்பி அனுப்பமாட்டேன்.