மணப்பாட்டில் கற்ற பாடம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

சாத்தான்குளத்திலிருந்து மணப்பாடு ஒன்றும் எட்டாத தூரமன்று. உடன்குடியில் இறங்கி வேறு பேருந்து ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் கடலைப் பார்த்துவிடலாம். ஆயினும் அந்த ஊருக்குப் போய்ச் சேர எனக்கு இருபது ஆண்டுகள் ஆயின. பனையும் தோட்டமுமாக உழைக்கிற எங்கள் குடும்பத்தில் ஊர் பார்க்கப் போவது என்பது வேலையற்றவர் காரியம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். சென்ற கோடை விடுமுறையில் மணப்பாட்டிலுள்ள தன் பாட்டி வீட்டுக்கு வகுப்புத் தோழன் அழைத்தபோது, "என்னத்துக்குலே அங்க?" என்று அப்பா கேட்டார். "மலருக்குக் கட்டுரை எழுதணும்பா" என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அப்போது அவர் மனம் வேறொன்றில் இருந்தது. சாத்தான்குளத்துக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் முருங்கைத் தோட்டக் கிணறு மூன்று கோடைகளாக உவர்ப்பேறி வந்தது. அம்மாவின் கம்மலை அடகு வைத்து, கிணற்றுக்குள் இன்னும் ஆழமாகத் துளை போடுவது என்று முடிவாகியிருந்தது. ஆழத்தில் நல்ல தண்ணீர் இருக்கும் என்பதே எங்கள் எல்லோருடைய நம்பிக்கையும்.

வழியும் ஊரும்

சாத்தான்குளத்தை விட்டதும் செம்மணல் தேரிகள் கண்ணில் படுகின்றன. மணல் துகள்களின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடே அந்தச் சிவப்புக்குக் காரணம் என்று வகுப்பில் படித்திருக்கிறோம். கடலை நெருங்க நெருங்கச் சிவப்பு மறைந்து மணல் வெளுக்கிறது. எங்கள் பகுதியில் ஓடும் கருமேனியாறு ஆண்டில் பெரும்பாலான நாள்கள் மணலாகவே கிடக்கும். அது கடலைத் தேடிப் போவதும் மணப்பாட்டுப் பக்கம்தான் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

திருச்செந்தூருக்குத் தெற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டரில், நிலம் கடலுக்குள் மூக்கை நீட்டியதுபோல் ஒரு மணற்குன்று நிற்கிறது. அதன் உச்சியில் 1581இல் கட்டப்பட்ட திருச்சிலுவை ஆலயம் இருக்கிறது. உடைந்த கப்பலின் பாய்மரத்தைக் கொண்டு போர்த்துக்கீசிய மாலுமி ஒருவர் அங்கே சிலுவை நட்டார் என்றும், அதுவே ஆலயத்துக்கு முதல் அடையாளம் என்றும் ஊரார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். குன்றின் கீழே ஒருபுறம் மீனவர் வள்ளங்கள். மறுபுறம் இலங்கையோடு வாணிகம் செய்தவர்கள் கட்டிய பெரிய மாளிகை வீடுகள். அவற்றுள் சில பூட்டிக் கிடக்கின்றன. திண்ணைகளில் பெண்கள் பனையோலையால் பெட்டி முடைகின்றனர். ஓலை பனங்காட்டுக்காரருடையது, கைவேலை கடற்கரைக்காரருடையது.

ஊரின் பழமை

வெள்ளையர் கப்பல் வந்த பிறகுதான் இந்தக் கடற்கரைக்கு வரலாறு தொடங்கியது என்று எண்ணுவது தவறு. கொற்கை முத்தின் புகழ், கிறித்து பிறந்த முதல் நூற்றாண்டிலேயே கிரேக்கக் கடற்பயண நூலான பெரிபுளூசில் இடம்பெற்றுவிட்டது. முத்துக் குளிக்கவும், காற்றும் நீரோட்டமும் பார்த்துக் கடலோடவும் அறிந்த பரதவரின் கலை அதற்கும் முந்தியது. 1530களில் முத்துக்குளித்துறை உரிமைக்காகப் பெரும் போட்டி எழுந்தது. பரதவர் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடினர். அதையொட்டியே ஊர் ஊராகக் கிறித்தவம் தழுவினர். பிரான்சிசு சவேரியார் இக்கடற்கரைக்கு வந்தது 1542இல். 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். 1825இல் அது ஆங்கிலேயர் கைக்கு நிலையாக மாறியது. முத்தும் உப்பும் துணியும் யார் கைக்குப் போவது என்பதே இத்தனை மாற்றங்களுக்கும் அடிப்படை.

சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்த உள்ளூர்க்காரர் சிலரை உட்கார வைத்து, வேண்டுதல்களைத் தமிழாக்கச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டுதான் ஊர் ஊராகச் சென்றார். அவருக்குப்பின் வந்த என்றிக்கு என்றிக்கசு இம்மக்களிடையே வாழ்ந்து தமிழை முறையாகக் கற்றார். தமிழுக்கு இலக்கணமும் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்', இந்திய மொழி ஒன்றின் எழுத்திலேயே இந்தியாவில் அச்சிடப்பட்ட முதல் நூல். பதினாறு பக்கங்களே கொண்டது.

பாதிரிமார் பெயர் நூல்களில் நிற்கிறது. அவர்களுக்குச் சொல் சொல்லாகத் தமிழ் கற்றுக்கொடுத்தவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவர்கள் இல்லாமல் அந்தப் பதினாறு பக்கங்கள் ஏது? நாமும் வெறுங்கையோடு இருந்துவிடவில்லை. சாவி, சன்னல், அலமாரி, மேசை எல்லாம் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொற்கள். நம் கட்டுமரமோ ஆங்கில அகராதிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

குகைக் கிணறு

குன்றின் கடலோரச் சரிவில், சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை ஒன்று உண்டு. மணலும் சுண்ணாம்பும் இறுகிப் பாறையான இடம் அது. அலை மோதும் ஓசை காதை அடைக்கிறது. அந்தக் குகைக்குள் ஒரு சிறு கிணறு இருக்கிறது.

தோழனின் பாட்டி ஒரு குவளை நீர் எடுத்துத் தந்தார். "குடிச்சுப் பாரு மக்கா, நல்ல தண்ணி." குடித்தேன். நல்ல தண்ணீர்தான்! பத்தடி தள்ளிக் கடல். திருச்செந்தூர் நாழிக்கிணற்றிலும் இதே வியப்பைப் பலர் கண்டிருப்பீர்கள். கடலிலிருந்து பல கல் தொலைவிலுள்ள எங்கள் கிணறு கரிக்க, கடல் வாயிலிலுள்ள இந்தக் கிணறு இனிப்பானேன்? அந்தக் கேள்வி என்னை உறங்க விடவில்லை.

பக்தர்கள் அதை அருள் என்பர். அவர்கள் நம்பிக்கையில் நான் குறுக்கிடவில்லை. இயற்பியல் மாணவனாக நான் செய்யக்கூடியது ஒன்றுதான். ஒரு புட்டியில் கடல் நீரும் இன்னொன்றில் கிணற்று நீரும் எடுத்து வந்தேன். கல்லூரி திறந்ததும் ஆய்வுக்கூடத்தில் ஒப்படர்த்திக் குப்பியால் இரண்டையும் நிறுத்துப் பார்த்தேன். கிணற்று நீர் ஏறத்தாழ 1.00, கடல் நீர் 1.02க்குச் சற்று மேல். நூல்கள் கடல் நீருக்குத் தரும் அளவு 1.025.

இந்தச் சிறு வேற்றுமையில்தான் விடை அடங்கியிருக்கிறது. மணலில் இறங்கும் மழைநீர் இலேசானது. ஆகவே அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதக்கிறது. மணல் துளைகளுக்குள் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. நீரில் மிதக்கும் பனிக்கட்டியின் பெரும்பகுதி மூழ்கியிருப்பதுபோல, நன்னீரின் பெரும்பகுதியும் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. எவ்வளவு கீழே? 1000ஐ 25ஆல் வகுத்தால் 40. அதாவது கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே நாற்பதடி நன்னீர் இருக்கும். ஆலந்து நாட்டின் பாடன் கைபன் என்னும் இராணுவப் பொறியாளர் 1880களின் இறுதியிலும், செர்மனியின் எர்சுபெர்க்கு 1901இலும் தனித்தனியே இவ்விதியைக் கண்டனர். மணப்பாட்டார் இதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் மேலாக வரும் நீரைக் குவளையால் மொண்டு குடிக்கவேண்டும் என்பதை அறிந்து வைத்திருந்தார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த கணக்கு

ஆய்வுக்கூடத்தில் இந்தக் கணக்கை முடித்தபோது என் நெஞ்சு திடுக்கிட்டது. விதியைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். மோட்டாரால் இறைத்து நன்னீர் மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், நாளடைவில் உப்புநீர் எல்லை நாற்பதடி மேலேறி வரும். அடியில் உப்பு காத்திருக்கிற இடத்தில் ஆழத் துளைப்பது, நன்னீரைத் தேடிப் போவதன்று. உப்பை நாமே அழைப்பது!

அன்று மாலையே ஊருக்குப் போனேன். துளை போடுகிறவர்க்கு முன்பணம் கொடுக்க இரண்டு நாளே இருந்தது. அப்பாவிடம் சிலேட்டில் படம் வரைந்து காட்டினேன். அவர் பேசாமல் கேட்டார். பிறகு, "நாலு எழுத்துப் படிச்சிட்டா கிணத்துக்குள்ள இருக்கதும் தெரிஞ்சிருமோ?" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

அப்போதுதான் மணப்பாட்டுக் கதை நினைவுக்கு வந்தது. அந்தப் பாதிரியார்களும் தாம் அறிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு பேசியிருந்தால் அவர்கள் சொன்னது யாருக்கு விளங்கியிருக்கும்? முதலில் கேட்டுக் கற்றார்கள். நானும் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு, "கிணறு எப்பப்பா கரிக்க ஆரம்பிச்சுது?" என்று கேட்டேன். அவர் சொல்லத் தொடங்கினார். சுற்றிலும் மோட்டார்கள் பெருகியது முதல் என்றார். ஆடியில் கரிப்பு மிகும், ஐப்பசி மழைக்குப்பின் குறையும் என்றார். விடியலில் முதல் அரை மணி வரும் நீர் தேவலை, போகப் போகக் கரிக்கும் என்றார். நான் ஓராண்டு அளந்தாலும் கிடைக்காத விவரங்கள் அவர் நாக்கில் இருந்தன! சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி, சிலேட்டை எடுத்துப் பார்த்தார். "அப்போ ஆழப் போனா இன்னும் கரிக்குமோ?" என்று கேட்டார்.

எல்லா உவர்ப்பும் கடலிலிருந்து வருவதன்று. மண்ணிலுள்ள உப்பும் காரணமாகலாம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். ஆனால் அவர் சொன்ன அடையாளங்கள் இரண்டில் எதுவாயினும் ஆழத் துளைப்பதற்கு எதிராகவே இருந்தன. துளை போடும் ஏற்பாடு நின்றது. கம்மல் அம்மாவின் காதிலேயே இருக்கிறது. இப்போது காலையில் அரை மணி, மாலையில் அரை மணி மட்டுமே இறைக்கிறோம். தோட்டத்தின் சரிவில் குழி வெட்டி, மழைநீரை மணலுக்குள் இறக்க வழி செய்திருக்கிறோம். ஒரு மழைக்காலம் போயிற்று. கரிப்பு நீங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். கூடவில்லை என்று அப்பா சொல்கிறார். அவர் நாக்கை நான் நம்புகிறேன்.

ஒரு தோட்டத்துக் குழியால் ஒரு வட்டாரத்தின் நிலத்தடி நீர் மீளாது. அண்டை வயல்காரர்களும் சேர வேண்டும். தாமிரபரணியின் வெள்ள உபரியை 75 கிலோமீட்டர்க் கால்வாய் வழியாகச் சாத்தான்குளம் பக்கத்து எம்.எல். தேரி வரை கொண்டுவரும் தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புத் திட்டம் 2009இல் தொடங்கி 2025இல் திறந்துவைக்கப்பட்டது. வீணே கடலில் கலந்த வெள்ளம் தேரி மணலில் இறங்கினால், உப்பைப் பின்தள்ளும் எடை அதற்கு உண்டு. இதுவும் அதே நாற்பது மடங்குக் கணக்குத்தான்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். நாம் படிப்பதை வீட்டில் உள்ளவர்க்கு விளக்கச் சொல் கிடைப்பதில்லை. அவர்கள் அறிந்ததைக் கேட்க நமக்கு நேரம் இருப்பதில்லை. உங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் உங்களுக்கும் ஒரு மணப்பாடு இருக்கும். ஒரு குறிப்பேட்டோடு போய் வாருங்கள். வந்ததும் முதலில் உங்கள் தந்தையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்.